முருங்கைப் பிரதேசத்து எல்லைக்கோடு

நிலக்கரி தோண்டுகிற ஊருக்கு எதற்குய்யா 'சர்வதேச உறவு மற்றும் சச்சரவு ஆராய்ச்சி நிலையம்' என்று என்னைக் கேட்காதீர்கள். திறப்பு விழா அன்றே நான் கேட்டுவிட்டேன். கேட்டது பக்கத்து நாற்காலிக்காரரிடம். அவர் "டீ குடுக்கறாங்களாம், சும்மா இருங்க" என்றார். இருந்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

நிலையத்தின் டைரக்டர் டாக்டர் சண்முகசுந்தரம். ஜெனிவாவில் இரண்டு குளிர்காலம் இருந்தவர். அங்கே தைத்த கோட்டை நெய்வேலிச் சித்திரை வெயிலிலும் கழற்றமாட்டார். மேடையேறி, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இந்த டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருக்கிறார்கள். ஜெர்மன்காரர் இருக்கிறார், ரஷ்யக்காரர் இருக்கிறார். இத்தனை பேர் ஒரே இடத்தில் வாழ்ந்தும் இங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு சண்டை இல்லை. அறிவுலகத்துக்கு இது பெரிய குறை. அந்தக் குறையைத் தீர்க்கவே நாங்கள் வந்திருக்கிறோம்."

கை தட்டினோம். டீ கொடுத்தவர்களுக்குக் கை தட்டாமல் எப்படி?

அந்த நிலையத்தில் தற்காலிக ஆராய்ச்சி உதவியாளனாகச் சேர்ந்தவன்தான் கொளஞ்சியப்பன். என் சம்சாரம் சின்னம்மாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில்தான் பாய் போட்டுக்கொண்டான். சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே இவனை எம்.ஏ. வரை தள்ளிவிட்டிருந்தார்கள் அப்பனும் ஆயியும். படித்தது வெளிநாட்டு விவகாரம். தங்கமான பையன். ஆனால் ஒரு நிமிஷம் உட்காரமாட்டான். வாசலுக்குப் போவான், வருவான், பேனா மூடியைக் கழற்றுவான், மாட்டுவான். காரணம், மைன்ஸில் ஷவல் ஆபரேட்டரான பெரியண்ணன் என்பவர். அவருடைய மகள் அம்சவல்லியை இவனுக்குப் பேசியிருந்தது. பெரியண்ணன் ஒரே வார்த்தையில் நிறுத்திவைத்திருந்தார்.

"பர்மனென்ட் ஆவட்டும் மாப்ளே. அப்பறம் பந்தக்கால் நடலாம்."

நெய்வேலியில் மாப்பிள்ளைக்கு மூக்கு இருக்கிறதா, முழி இருக்கிறதா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா? அவ்வளவுதான்.

பர்மனென்ட் ஆக நிலையத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சச்சரவு வேண்டும். ஒருவர் சூயஸ் கால்வாயைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். ஒருவர் பெர்லின். ஒருவர் காங்கோ, காங்கோவில் சண்டை ஓய்ந்துவிடுமோ என்று தினம் காலையில் பேப்பரை நடுங்கிக்கொண்டே பிரிப்பார். கொளஞ்சி போய் நின்றபோது உலகத்தில் நல்ல சண்டை எதுவும் மிச்சமில்லை.

"சொந்தச் சச்சரவு இல்லாதவன் அறிஞன் இல்லை, வெறும் வாசகன்" என்றார் டைரக்டர். "கம்பெனி பஸ் போகிற தூரத்துக்குள் ஒன்றைத் தேடிக்கொள். அதற்கு மேல் பயணப்படி கிடையாது."

பஸ்ஸே தேவைப்படவில்லை. எங்கள் எதிர் வரிசையிலேயே கிடைத்தது.

எதிரில் ஒட்டினாற்போல் இரண்டு குவார்ட்டர்ஸ். ஒன்றில் சாமியம்மாள், புருஷன் மருதமுத்து, மைன்ஸில் பம்பு பார்க்கிறவர். அடுத்ததில் நூர் நிஷா; புருஷன் ஹபீப் முகமது, ஒர்க்‌ஷாப் பிட்டர். தோட்டத்துப் பக்கம் நடுச்சுவர் அப்போது எழுப்பியிருக்கவில்லை. சாமியம்மாள் பக்கம் ஒரு முருங்கைமரம். வேர் இந்தப் பக்கம், பெரிய கிளை அந்தப் பக்கம், நேரே நூர் நிஷாவின் துணிக்கொடிக்கு மேலே. மழை முடிந்ததும் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். அது பொத்துப் பொத்தென்று ஹபீப் முகமதுவின் சட்டையில் விழும். போட்டவுடன் மனுஷன் சொறிந்துகொண்டே ஷிப்டுக்கு ஓடுவார்.

"யக்கா, கெளைய வெட்டு. ஊட்டுக்காரரு ராத்திரியெல்லாம் சொறிஞ்சிகினு கெடக்காரு."

"காய் பறிக்கசொல்ல மட்டும் எங்க மரம்னு தெரியலையா? கொழம்பு வெக்கசொல்ல இனிச்சுதே!"

"உன் காய நீயே வெச்சிக்க! பூச்சியயும் கூட வெச்சிக்க!"

இதுதான் சண்டை. இப்படி ஒன்று இல்லாத பிளாக் ஏது? நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அஞ்சாம் நாள் கறிவேப்பிலை கேட்பார்கள். ஆனால் ஜன்னலில் நின்ற கொளஞ்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதையல் கண்டவன் கெட்டான்.

மறுநாளே நிலையத்து ஜீப் வந்தது. டைரக்டர் கோட்டோடு இறங்கி, மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். நூர் நிஷாவின் பெயரைக் கேட்டதும் அவருக்கு மூச்சே வாங்கியது.

"முஸ்லிமா! கொளஞ்சியப்பன், இதை நீ முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா?" அவளிடம் குனிந்து, "அம்மா, இந்த மரம் உங்கள் மனதில் என்னென்ன சரித்திரக் காயங்களைக் கிளறுகிறது?"

"காயமெல்லாம் இல்லீங்க. அரிக்குது" என்றாள் நூர் நிஷா.

"மறைக்கிறார்கள்" என்று கொளஞ்சியிடம் சொன்னார் டைரக்டர். "எழுதிக்கொள்."

அதற்கு 'முருங்கைப் பிரதேசச் சச்சரவு' என்று பெயர் வைத்தார்கள். சாமியம்மாள் வேர்த் தரப்பு, நூர் நிஷா கிளைத் தரப்பு. கம்பளிப்பூச்சி விழுவதற்கு 'ஊடுருவல்' என்று பெயர். அடுத்த வாரம் நடுத்தோட்டத்தில் சுண்ணாம்பால் பளிச்சென்று ஒரு எல்லைக்கோடு போட்டார்கள். கோடு துவைக்கிற கல்லின் நட்டநடுவே ஏறி இறங்கியது. கல்லை 'நடுநிலைப் பகுதி' என்று அறிவித்துவிட்டதால் ஒரு வாரம் இரண்டு வீட்டிலும் அழுக்குத் துணி மலைபோல் குவிந்தது. சாமியம்மாளின் கோழி கோட்டைத் தாண்டிப்போய் நூர் நிஷா வீட்டில் முட்டை வைத்ததா, அதற்குத் தனியாக ஒரு கருத்தரங்கே நடந்தது. முட்டை வேர்த் தரப்பா, கிளைத் தரப்பா? சூயஸ்காரர் ஒருபக்கம், பெர்லின்காரர் ஒருபக்கம், சட்டையைப் பிடிக்காத குறை. முட்டையை மூன்றாம் தரப்பாக நிலையமே வைத்துக்கொள்வதென்று தீர்மானம் போட்டார்கள். டைரக்டர் ஆம்லெட் சாப்பிட்டார் என்பது கேள்வி. நான் பார்க்கவில்லை.

"இவனுங்களுக்குச் சோறு எப்படிங்க எறங்குது?" என்றாள் சின்னம்மாள்.

"ஜீப்ல வந்து எறங்குது" என்றேன்.

இப்படியே போயிருந்தால் பரவாயில்லை. ஐப்பசி மழை விட்டதும் பூச்சி எக்கச்சக்கமாக வந்துவிட்டது. மரத்தண்டே தெரியவில்லை. கம்பளிப்பூச்சிக்கு எங்கள் பக்கத்தில் ஒரே வைத்தியம், தீப்பந்தம். நீளக் கழியில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றிக் கொளுத்தி, அப்பின இடத்தில் காட்ட வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. பந்தம் பிடிக்க ஒருத்தர், பொறி விழுகிற இடத்தில் ஈரச்சாக்கோடு அணைக்க ஒருத்தர். இரண்டு புருஷன்மார்களும் அன்று ஷிப்டில். சாமியம்மாள் பந்தத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள், அண்ணாந்து பார்த்தாள், பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்தாள். நூர் நிஷா சாக்கை நனைத்து எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தாள்.

அவ்வளவுதான், முடிந்தது முருங்கைப் பிரதேசச் சச்சரவு.

அன்றிலிருந்து இரண்டு பேரும் மத்தியான வேளையில் அந்தத் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருப்பார்கள். அப்படி என்னதான் பேச்சோ, ஷிப்டுச் சங்கு ஊதினால்கூடக் காதில் விழாது. ஒரு நாள் பார்த்தால் சாமியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள், நூர் நிஷா அவள் முதுகைத் தடவுகிறாள். இன்னொரு நாள் இவள் அழுகிறாள், அவள் தடவுகிறாள். சின்னம்மாளுக்கு விஷயம் தெரிந்தது, எனக்கும் வந்தது. சாமியம்மாளுடைய பழைய ஊர், சுரங்கம் தோண்டக் கம்பெனி எடுத்துக்கொண்ட ஊர். அவளுக்கு ஒரே ஒரு பிள்ளை பிறந்து, நடக்கிற வயசில் காய்ச்சலில் போய், அந்த ஊர் இடுகாட்டில்தான் கிடந்தது. ஊரோடு இடுகாடும் போனது. நூர் நிஷா, அண்ணன்மார்களை மீறி ஹபீபைக் கட்டிக்கொண்டவள். மேல்பட்டாம்பாக்கத்தில் அவள் அம்மா ஜான் பீவி மவுத்தானபோது, வீட்டில் கிடத்தியிருந்த மய்யித்தைப் பார்க்க அண்ணன்காரன் வாசற்படி ஏறவிடவில்லை. தெருமுனையில் நின்று அழுதுவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். இதெல்லாம் புருஷனிடமே இரண்டாம் தரம் சொல்லாத சமாசாரம்.

அந்தப் பக்கம் கொளஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை. டைரக்டர் கூப்பிட்டு விளாசிவிட்டார்.

"சமாதானமா? யாரைக் கேட்டுச் சமாதானம் ஆனார்கள்? நாம் இன்னும் இரண்டாம் அத்தியாயமே முடிக்கவில்லை! நான் ஜெனிவாவில் இருந்த காலத்தில் ஒரு சமாதானம்கூட நடந்ததில்லை, தெரியுமா உனக்கு? சச்சரவு இல்லையென்றால் திட்டம் இல்லை. திட்டம் இல்லையென்றால் பங்குனியோடு நீயும் இல்லை."

பையன் வீட்டுக்கு வராமல் பஸ் ஸ்டாப் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து, எல்லா பஸ்ஸையும் போகவிட்டுக்கொண்டிருந்தான். கடைவீதிக்குப் போய்த் திரும்பிய இரண்டு பெண்களும் அவனைப் பார்த்துவிட்டார்கள்.

"ஏன் தம்பி, ஒடம்பு சரியில்லையா?"

அவன் உடைந்துவிட்டான். எல்லாவற்றையும் கொட்டினான். சாமியம்மாள் கேட்டாள், நூர் நிஷாவைப் பார்த்தாள், இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"இவ்ளோதானா? நாங்க சண்ட போட்டா ஒனக்கு வேல நெலைக்கும், அம்சவல்லி கழுத்துல தாலி ஏறும். அதானே?"

"ஆமாங்க்கா."

"அதுக்கு ஏன் தம்பி அழுதுகினு? போட்டுட்டாப் போச்சு. என்னிக்கு வேணும்னு மட்டும் சொல்லு, அன்னிக்குச் சமையல முன்னாடியே முடிச்சிடுறோம்" என்றாள் நூர் நிஷா.

வாராவாரம் வியாழக்கிழமை என்று ஏற்பாடானது. அன்றுதான் ஜீப் வரும். அடேயப்பா, என்ன சண்டை! "உன் மரம் பட்டுப்போவ" என்பாள் ஒருத்தி, "உன் கொடி அறுந்துபோவ" என்பாள் இன்னொருத்தி. கோட்டுக்கு இந்தப் பக்கம் கோழியைத் தூக்கிக் காட்டுவாள் ஒருத்தி, அந்தப் பக்கம் ஈரச்சட்டையை உதறிக் காட்டுவாள் இன்னொருத்தி. பிளாக்கே திரண்டு வந்து பார்க்கும். வேர்க்கடலை விற்கிறவன் வியாழக்கிழமை வேறு எங்கும் போகமாட்டான். டைரக்டர் முக்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டுவார். ஜீப் கிளம்பிப் புழுதி அடங்குவதற்குள் இரண்டு பேரும் கல்லில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். "நீ 'அடியே'ன்னு இழுத்தப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு யக்கா, கஷ்டப்பட்டு அடக்கினேன்" என்பாள் நூர் நிஷா.

நாங்களும் சிரித்தோம். ஊரைக் கூட்டி ஏமாற்றுகிறவர்களை இரண்டு பொம்பளைகள் ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. கொளஞ்சிகூட ஒரு இடத்தில் உட்கார ஆரம்பித்தான்.

தை கடைசியில் வந்தது வினை. டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறதாம், கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். பிடித்துப்போனால் நிலையத்துக்கு நிரந்தர மானியம், கொளஞ்சிக்கு நிரந்தர உத்தியோகம். டைரக்டர் அவனை அழைத்தார்.

"சமீபகாலமாக உன் சச்சரவில் தரம் குறைந்துவிட்டது. கோழி, கொடி, மரம். திரும்பத் திரும்ப அதே. வலி இல்லை அப்பா, வலி! காங்கோவோடு போட்டி போடுகிறோம் என்பது நினைவிருக்கட்டும்."

பையன் வீடு திரும்பி, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். பெரியண்ணன் வேறு அன்று காலையில் பஸ்ஸில் பார்த்து, வடலூர்ப் பக்கம் ஒரு பர்மனென்ட் வரன் வந்திருப்பதாகக் காதில் போட்டிருந்தார். அப்புறம் எதிர்வீட்டுக்குப் போனான். நானும் வாசலில்தான் நின்றேன்.

"அக்கா, இந்த ஒரு தடவ மட்டும். கொஞ்சம் காரமா இருக்கணுமாம். மனசுல தைக்கிற மாதிரி."

"காரமா என்னாத்தடா பேசுறது?" என்றாள் சாமியம்மாள்.

"அந்த நேரத்துல வாயில வர்றதுதான் தம்பி. வந்துடும், நீ போ" என்றாள் நூர் நிஷா.

அந்த நாளும் வந்தது. மூன்று கார், ஒரு ஜீப். கோட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு. நிழலுக்குச் சாமியானா. வெள்ளைக்காரருக்கு இளநீர். டைரக்டர் எழுந்து, "இரு தரப்புக்கும் இடையே சமாதானம் வராமல் நிலையம் இரவு பகலாகக் கண்காணித்து வருகிறது" என்று பெருமையாகச் சொன்னார். டெல்லிக்காரர்கள் பாராட்டித் தலையசைத்தார்கள்.

ஆரம்பம் வழக்கம்போலத்தான். மரம் பட்டுப்போக, கொடி அறுந்துபோக. டெல்லிக்காரர் ஒருவர் வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டார். டைரக்டர் கொளஞ்சியை முறைத்தார். கொளஞ்சி வேர்த்து விறுவிறுத்து, கையைக் கும்பிடுவதுபோல் குவித்துச் சாமியம்மாளைப் பார்த்தான். அந்தக் கும்பிடுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவள் ஒரு நிமிஷம் தடுமாறினாள். பிறகு குரலை உயர்த்தினாள்.

"பேசுறா பாரு பேச்சு! பெத்த தாயி மய்யித்தப் பாக்கவே அண்ணங்காரன் வாசப்படி ஏத்தல, இவ எனக்கு ஞாயம் சொல்ல வந்துட்டா!"

நூர் நிஷாவின் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. அவள் சாமியம்மாளையே பார்த்தாள். நடிப்பு என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கேட்டுவிட்டாளே. முகமெல்லாம் ரத்தம் ஏறியது.

"நீயா சொல்ற? நீயா? பெத்த புள்ளயப் பொதச்ச மண்ணையே மிசினுக்கு வுட்டுட்டு வந்தவதானே நீ! அந்தக் கொழந்த எலும்பு எந்த பெல்ட்டுல போச்சோ! ஒத்த மரத்துக்கு வந்துட்டா சொந்தம் கொண்டாடிகினு!"

வேர்க்கடலைக்காரன்கூடப் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டான். சுரங்கத்து மண்ணை அள்ளிக்கொண்டு போகிற அந்த பெல்ட்டில் வேலை செய்கிறவன் நான். சாமியம்மாள் திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நூர் நிஷா வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "யக்கா..." என்று கோடு வரைக்கும் வந்தாள். கோட்டில் நின்றாள். அவளுக்கும் அவள் அம்மா ஞாபகம் வந்திருக்கும். அவளும் உள்ளே போய்விட்டாள்.

சாமியானாவில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வெள்ளைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுதிக்கொண்டாயா? ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாயா?" என்று டைரக்டர் கொளஞ்சியைப் பிடித்து உலுக்கினார். அவன் கையில் பேனா இருந்தது. மூடியைக் கழற்றவே இல்லை.

உத்தரவு வந்துவிட்டது. பர்மனென்ட். பெரியண்ணன் வைகாசியில் பந்தக்கால் நட்டார். கல்யாணத்துக்கு இரண்டு பெண்களும் வந்தார்கள். பந்தியில் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு பஸ்ஸில் போனார்கள்.

அதற்கு முன்னாலேயே பையன் இரண்டு பேரையும் சேர்த்துவைக்க நடையாய் நடந்துவிட்டான். இந்த வீட்டில் கேட்டால் "அவ பேர என்கிட்ட எடுக்காத தம்பி." அந்த வீட்டில் கேட்டால் "அந்தக்கா மூஞ்சில முழிக்க எனக்கு மூஞ்சி இல்ல. அது பேசினதையும் என்னால மறக்க முடியல." கடைசியில் டைரக்டரிடமே போய், "சார், நிலையம் சார்பாக ஒரு சமாதானப் பேச்சு..." என்று இழுத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சமாதானம் செய்து வைப்பது நம் வேலை இல்லையே, கொளஞ்சியப்பன். நாம் அந்த விஷயத்தில் நிபுணர்கள், அவ்வளவுதான். அது சரி, அந்தக் கோடு மங்கியிருக்கிறதாமே? சுண்ணாம்பு அடிக்கச் சொல்."

அடுத்த ஐப்பசியில் மறுபடி பூச்சி வந்தது. இரண்டு வீட்டுக் கதவும் சாத்தியே கிடந்தது. ஹபீப் முகமது சொறிந்துகொண்டே பஸ்ஸுக்கு ஓடினார். ஒரு மத்தியானம் கொளஞ்சி தானே கழியில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, எதிர்த் தோட்டத்தில் போய் நின்றான். புதுவேட்டி, நிலையத்து பேட்ஜ். பந்தத்தைத் தூக்கினான். பொறி அவன் தோளிலேயே விழுந்தது. ஈரச்சாக்கு பிடிக்க ஆள் இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவதற்குள் சாமியம்மாள் வீட்டு ஜன்னல் திறந்தது.

"என்னா தம்பி பண்ற?"

"பூச்சி அக்கா. யாராவது ஒருத்தர் சாக்கு புடிச்சா..." அவன் பக்கத்து வீட்டைப் பார்த்தான். அந்த ஜன்னலிலும் ஒரு நிழல் தெரிந்தது, நகரவில்லை.

"ஒனக்கு வேல கெடச்சுடுச்சு இல்ல?"

"கெடச்சுடுச்சுக்கா."

"பர்மனென்ட்தானே?"

"ஆமாங்க்கா."

"இந்தச் சண்டயும் அப்படித்தான் தம்பி. பந்தத்த அணைச்சுட்டு ஊட்டுக்குப் போ, கைய சுட்டுக்கப்போற" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.